லாங் ஆப்சென்ட்

ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவின் வருகைப் பதிவேட்டில் அவன் 27-ஆம் எண். பெயரை எழுதப் போவதில்லை, இருபத்தேழு என்றே இருக்கட்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டதைவிட அந்த எண்ணைச் சொல்லித்தான் அவனை நான் அதிகம் கூப்பிட்டிருப்பேன்.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது, அவன் வரவில்லை. பொங்கல் முடிந்தது, அப்போதும் வரவில்லை. எச்.எம். கூப்பிட்டு, "உங்க கிளாஸ்ல லாங் ஆப்சென்ட் எத்தனை பேர் டீச்சர்?" என்று கேட்டார். இரண்டு பேர் என்றேன். "எமிஸ்ல காமன் பூலுக்கு அனுப்பிடலாமா, இல்ல வெயிட் பண்ணலாமா?" என்றார். எமிஸ் என்பது கல்வித் துறையின் இணையப் பதிவேடு, காமன் பூல் அதில் வெளியாருக்குத் தெரியாத ஒரு குளம். ஒரு பிள்ளை பள்ளியை விட்டுப் போனால் அதன் பெயரை அதில் இறக்கி வைப்போம். வேறு பள்ளியில் சேர்ந்தால் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள், சேராவிட்டால் அங்கேயே கிடக்கும். இறக்குவதற்கு முன் ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் ஒன்றுதான் லாங் ஆப்சென்ட். நீண்ட நாள் வரவில்லை என்பது எப்படி வராததற்குக் காரணமாகும் என்று இத்தனை வருடத்தில் நான் ஒருமுறைகூட யோசித்ததில்லை.

அன்று சாயங்காலம் பதிவேட்டை ஜூன் மாதத்திலிருந்து புரட்டினேன். இப்போது வருகையெல்லாம் ஆப்பில்தான் பதிவு. ஆனாலும் காகிதப் பதிவேட்டை எங்கள் பள்ளி விடவில்லை, அது நல்லதாகப் போயிற்று. ஆப் அன்றைய நாளைத்தான் காட்டும். பதிவேடு மாதத்தையே ஒரே பக்கத்தில் விரித்து வைக்கும். வராத நாளுக்குச் சிவப்பு மையில் 'ஏ' போடுவது வழக்கம். இருபத்தேழாம் வரிசையில் ஜூனில் ஒரே ஒரு 'ஏ'. ஜூலையில் இரண்டு, இரண்டும் செவ்வாய்க்கிழமை. ஆகஸ்ட்டில் எல்லாச் செவ்வாயும். காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு செவ்வாயோடு புதனும் சேர்ந்துகொண்டது. நவம்பரில் ஒரு முழு வாரம். டிசம்பரில் சிவப்பைத் தேட வேண்டியதில்லை, நீல மையைத்தான் தேட வேண்டும். அத்தனை 'ஏ'யும் என் கையெழுத்து.

மறுநாள் அவன் ஊருக்குப் போக எங்கள் சத்துணவு அமைப்பாளர் அக்காவைத் துணைக்குக் கூப்பிட்டேன், அவருக்கும் அதே ஊர். போகிற வழியில் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "செவ்வாக்கெழம சந்தைல மூட்ட எறக்கறான் டீச்சர். ஆடி மாசத்துலேர்ந்தே போறான்." தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரும் கேக்கலியே" என்றார்.

வீட்டில் அம்மா மட்டும் இருந்தார். அப்பா உள்ளே கட்டிலில். பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பும் காலும் போய்விட்டன.

"நான் போவச் சொல்லல டீச்சர். அவனாத்தான் போறான். புதங்கெழம குழு டியூ. மூணு குழுல எடுத்திருக்கோம். கட்டலன்னா மத்த பொம்பளைங்க வாசல்ல வந்து உக்காந்துக்கறாங்க. அவன் அதப் பாத்துட்டான்."

மைக்ரோ பைனான்ஸ் கடன் பழகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தனியாளாகக் கடன் கிடையாது, பத்துப் பதினைந்து பெண்கள் ஒரு குழு. வாரத் தவணையை ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் பங்கு போட்டுக் கட்டியாக வேண்டும். அதனால் வசூலுக்கு வெளியாள் மிரட்ட வேண்டியதில்லை, பக்கத்து வீட்டுக்காரியே வந்து உட்காருவாள். செவ்வாய் விடியற்காலை மூட்டை இறக்கினால் கைக்கு முந்நூறு ரூபாய். அது புதன்கிழமைத் தவணைக்குப் போகிறது. பதினான்கு வயதுப் பையன் போட்ட கணக்கு. வகுப்பில் அவனுக்குக் கணக்கு வராது என்று நான் எழுதி வைத்திருந்தேன்.

சரி, செவ்வாய் புரிந்தது. மற்ற நாள்கள்? அவன் சந்தையிலிருந்து வந்த பிறகு கேட்டேன். ரொம்ப நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். செவ்வாயன்று எனக்கு அந்த வகுப்பில் அடுத்தடுத்து இரண்டு பீரியட், புதுப் பாடத்தை அன்றுதான் தொடங்குவேன். இயற்கணிதம் முழுவதும் அப்படித்தான் நடந்தது. புதன்கிழமை வந்து உட்கார்ந்தால் கரும்பலகையில் என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. காலாண்டில் கணக்கில் 11 மார்க். விடைத்தாள் கொடுத்தபோது நான் எல்லார் முன்னாலும் மார்க்கை வாசித்தேன். "அப்புறம் வர ஒரு மாதிரி இருந்திச்சு டீச்சர்" என்றான். கடன் அவனிடமிருந்து செவ்வாய்க்கிழமையைத்தான் எடுத்தது. மிச்ச நாள்களை எடுத்தது கணக்குப் பாடம், அதாவது நான்.

இடைநிற்றல் என்று அரசாணைகளில் படிக்கும்போது ஒரு பிள்ளை ஏதோ ஒரு நாள் பையைத் தூக்கி எறிந்துவிட்டு நின்றுவிடுவதுபோல் தோன்றும். நான் பார்த்தவரை அப்படி ஒரு நாள் கிடையாது. மெதுவாக நடக்கும், ஏழெட்டு மாதம் எடுக்கும். ஒவ்வொரு படியும் நம் கையாலேயே பதிவாகும். ஜூலையில் போய்க் கேட்டிருந்தால் அது ஒரு செவ்வாய்க்கிழமைப் பிரச்சினை. ஜனவரியில் அது ஒரு பையனின் பிரச்சினை.

ஒன்பதாம் வகுப்பில்தான் இது ஏன் அதிகம் என்று கேட்பார்கள். பதினான்கு வயதில் எல்லாம் ஒன்றாகக் கைவிடுகிறது. 2009-இல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் பதினான்கு வயதோடு முடிகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-இல் திருத்தினார்கள். அதன்படி பதினான்கு முதல் பதினெட்டு வரை ஆபத்தான தொழில்களுக்குத்தான் தடை, சந்தையில் மூட்டை இறக்குவதைக் கேட்பாரில்லை. எட்டாம் வகுப்பு வரை எங்கள் மாநிலத்தில் பெயில் கிடையாது. அந்தக் கொள்கை சரி என்பதே என் கட்சி, அதில் மாற்றமில்லை. ஆனால் இரண்டு இலக்க வகுத்தல் தெரியாமலே ஒரு பிள்ளை எட்டைத் தாண்டிவிட முடிகிறது. ஒன்பதில்தான் முதல்முறையாக ஒருவர் அவனிடம் "நீ பெயில்" என்கிறார். அந்த வயதில் வெளியே ஒருவர் "நீ நல்லா வேலை செய்றடா" என்றும் சொல்கிறார். எந்தப் பக்கம் போவான்?

பெண்பிள்ளைகளுக்குக் கதை கொஞ்சம் வேறு. கல்யாணம், வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கத்து நூற்பாலைகள். மூன்று வருடம் மில் விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் ஏஜெண்டுகள் ஊர் ஊராக வந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. ஆனாலும் கடந்த இருபது வருடத்தில் பெண்பிள்ளைகள் பள்ளியில் தங்கிய அளவுக்குப் பையன்கள் தங்கவில்லை. எந்த வருடத் தேர்வு முடிவைப் பார்த்தாலும் இது தெரியும்.

அதற்கு ஒரு காரணத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-இல் தொடங்கிய திருமண உதவித் திட்டம் இருந்ததே, அதில் உதவி வாங்கப் பெண் இத்தனை வகுப்பு படித்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. பிறகு அது பத்தாம் வகுப்பு ஆனது. 2011 முதல் 25,000 ரூபாயோடு தாலிக்கு நான்கு கிராம் தங்கம், பட்டமோ டிப்ளமோவோ முடித்திருந்தால் 50,000. "பத்தாவது வரைக்கும் படிக்கட்டும் டீச்சர், அந்தத் தங்கத்துக்காவது ஆவும்" என்று சொன்ன தகப்பன்மார் எத்தனையோ பேர். படிப்பைக் கல்யாணத்துக்குச் சீதனமாக்குவதா என்று ஆசிரியர் அறையில் சண்டை போட்டவள் நான். இப்போது யோசித்தால் அந்தத் தகப்பனுக்குப் புரிகிற மொழியில் அரசாங்கம் பேசியிருக்கிறது. 2022 செப்டம்பரில் அந்தத் திட்டமே புதுமைப் பெண் ஆயிற்று. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் மேற்கொண்டு படித்தால் மாதம் 1,000 ரூபாய், அவள் கணக்கிலேயே. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் வர 2024 ஆகஸ்ட் ஆனது. இரண்டுமே பள்ளியைத் தாண்டியவர்களுக்கு. இருபத்தேழு அவ்வளவு தூரம் வந்தால்தானே.

சோறும் அப்படித்தான். காமராஜர் 1956-இல் தொடங்கியதை எம்.ஜி.ஆர். 1982-இல் சத்துணவாக விரித்து, இரண்டு வருடம் கழித்துப் பத்தாம் வகுப்பு வரை கொண்டுவந்தார். இன்றைக்கும் எல்லை பத்துதான். 2022-இல் வந்த காலை உணவு ஐந்தாம் வகுப்பு வரை. பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள் உண்டு, சோறு இல்லை. மதியம் ப்ளஸ் ஒன் பிள்ளைகள் சிலர் குழாயடியில் தண்ணீர் குடித்துவிட்டு மரத்தடிக்குப் போவதை நான் மாடியிலிருந்து பார்ப்பேன். மிச்சம் இருந்தால் எங்கள் அமைப்பாளர் அக்கா கண்ணைக் காட்டிக் கூப்பிடுவார். ஒரு சைக்கிளின் விலையில் ஒரு பிள்ளைக்கு எத்தனை நாள் சாப்பாடு போடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். சைக்கிளைக் குறை சொல்லவில்லை, பஸ் போகாத ஊர்ப் பெண்களை மேல்நிலைக்கு அழைத்து வந்தது அதுதான். அதோடு ஒரு தட்டும் வேண்டும் என்கிறேன்.

இனி சொல்லக் கூச்சமாக இருக்கிற விஷயம்.

எங்கள் தொழிலில் பெரிய வார்த்தை தேர்ச்சி விகிதம். மே மாதம் முடிவு வந்ததும் மாவட்டம் எத்தனையாம் இடம், பள்ளி எத்தனை சதவீதம், நூறு போட்ட பள்ளிக்குக் கேடயம், குறைந்த பள்ளிக்குக் கூட்டத்தில் விளக்கம். அந்த விகிதத்தில் கீழே இருப்பது தேர்வு எழுதியவர்கள் எண்ணிக்கை. எழுத வராதவன் அதில் இல்லை. ஒன்பதிலேயே போனவன் எந்தக் கணக்கிலும் இல்லை. ஆக, தேறுவார்களா என்று சந்தேகமான நான்கு பேர் மார்ச்சுக்கு முன்னால் போய்விட்டால் ஒரு பள்ளியின் விகிதம் ஏறும். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

பல வருடம் முன்பு, வேறொரு ஊரில் வேறொரு பள்ளியில், நானும் அதைச் செய்தேன். ஒன்பது முடித்த பையன், எல்லாப் பாடத்திலும் பின்தங்கியவன். அவன் அம்மாவை வரச்சொல்லி, "பத்தாவது இவனுக்குக் கஷ்டம்மா. டி.சி. வாங்கி ஏதாவது தொழில்ல விட்டீங்கன்னா நல்லா வருவான்" என்றேன். அக்கறையோடுதான் சொன்னேன் என்று நானே நம்பினேன். அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு பெயின்ட் கடையில் ஒரு ஆள், "டீச்சர், நல்லா இருக்கீங்களா?" என்றான். முகம் தெரிந்தது. எதுவரை படித்தாய் என்று கேட்டிருக்கவே கூடாது, கேட்டுவிட்டேன். "ஒம்போது வரைக்கும் டீச்சர். உங்ககிட்டதான்" என்று சிரித்தான். அவன் கலக்கிக் கொடுத்த நிறம்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கிறது.

அமெரிக்காவில் இந்தக் கணக்கை வேறு மாதிரி போடுகிறார்கள் என்று படித்தேன். அங்கே உயர்நிலைப் பள்ளி ஒன்பதில் தொடங்கிப் பன்னிரண்டில் முடியும். ஒன்பதில் நுழைந்த அத்தனை பேரையும் எழுதி வைத்துக்கொண்டு, நான்கு வருடம் கழித்து அவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்று பார்க்கிறார்கள். வேறு பள்ளிக்கு மாறியவர், நாட்டை விட்டுப் போனவர், இறந்தவர் இவர்களைத்தான் கழிக்கலாம், காணாமல் போனவரைக் கழிக்க முடியாது. 2010-11-இல் பெரும்பாலான மாநிலங்கள் இந்த முறைக்கு வந்தபோது நாட்டுச் சராசரி 79 சதவீதம், அடுத்த பத்து வருடத்தில் 85-ஐத் தாண்டியது. அங்கேயும் தில்லுமுல்லு இல்லாமல் இல்லை. பாதி வருடம் பள்ளிக்கே வராத பிள்ளைகளுக்கெல்லாம் பட்டயம் கொடுத்து தலைநகர் வாஷிங்டனில் 2017-இல் பெரிய விவகாரமானது. எண்ணைத் துரத்தினால் எங்கேயும் அதுதான் நடக்கும். ஆனாலும் போனவனைக் கணக்கில் வைத்திருப்பது ஒரு மரியாதை என்று எனக்குத் தோன்றியது.

சிகாகோ பல்கலைக்கழகத்தார் 2005-இல் கண்டுபிடித்ததுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஒன்பதாம் வகுப்பில் அடுத்த வகுப்புக்கு வேண்டிய பாடங்களை முடித்து, முக்கியப் பாடத்தில் ஒன்றுக்கு மேல் அரையாண்டுத் தோல்வி இல்லாமல் இருக்கிற பிள்ளை உரிய காலத்தில் பள்ளியை முடிக்கும் வாய்ப்பு, அப்படி இல்லாத பிள்ளையைவிட மூன்றரை மடங்கு அதிகம். முந்தைய வருடத் தேர்வு மார்க்கைவிட, வீட்டு வருமானத்தைவிட, இது நன்றாகச் சொல்லிவிடுகிறதாம். சிகாகோ ஏழைப் பையனுக்கும் எங்கள் இருபத்தேழுக்கும் ஒன்பதாம் வகுப்பு ஒரே மாதிரி கதவாக இருக்கிறது.

நம் ஊரிலும் காணாமல் போனவர்கள் ஒருமுறை கூட்டமாகக் கணக்கில் தெரிந்தார்கள். 2023 மார்ச் 13, ப்ளஸ் டூ தமிழ்த் தேர்வு. 50,000 பேருக்கு மேல் வரவில்லை. சட்டமன்றம் வரை பேச்சானது. கொரோனாவில் பத்தாம் வகுப்பில் எல்லோரும் பாஸ் என்று மேலே வந்தவர்கள், பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அரியர் வைத்தவர்கள், எப்போதோ நின்றுவிட்டும் பெயர் நீக்கப்படாதவர்கள் என்று பல விளக்கம். எனக்குத் தெரிந்த எந்த ஆசிரியரும் அன்று ஆச்சரியப்படவில்லை. அவர்கள் அன்றைக்குப் போனவர்கள் இல்லையே.

இப்போது என்ன செய்கிறோம் என்று கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. மாதக் கடைசியில் ஆறு வகுப்பாசிரியர்கள் பதிவேட்டை மேசையில் வைத்து உட்காருகிறோம். சதவீதம் பார்ப்பதில்லை, கிழமை பார்க்கிறோம். திங்கள் வராதவன் வேறு, சந்தை நாளில் வராதவன் வேறு, மாதத்தில் அடுத்தடுத்து மூன்று நாள் வராத பெண் வேறு. அப்படி ஒருத்திக்குப் பள்ளிக் கழிவறையில் தாழ்ப்பாள் இல்லாததுதான் காரணம் என்று தெரிந்தது. தாழ்ப்பாளின் விலை அறுபது ரூபாய். மூன்றாம் நாள் போன், ஒரு வாரமானால் வீடு. போவது பெரும்பாலும் நாங்கள் இல்லை, பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் அம்மாக்கள். வாத்தியார் போனால் வீட்டுக்காரர்கள் பயந்து, "நாளைக்கே அனுப்பறோம்" என்று பொய் சொல்வார்கள். பக்கத்துத் தெருக்காரியிடம் உண்மை வரும்.

பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்தில் விழுந்தவர்களை மே மாதம் விடக் கூடாது என்பதும் பட்டுத் தெரிந்ததுதான். முடிவு வந்த பிறகு துணைத்தேர்வுக்கு ஆறேழு வாரம் இருக்கும். அந்த இடைவெளியில்தான் பெங்களூர் பேக்கரிக்கு பஸ் ஏறுகிறார்கள். முடிவு வந்த அன்றே கூப்பிட்டு விண்ணப்பம் போட வைத்தால் பெரும்பாலும் எழுதிவிடுவார்கள், நான்கு நாள் தாமதித்தால் போன் அணைந்திருக்கும். மலைப்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் இன்னொரு சுவர். பழங்குடிச் சான்றிதழ் தாசில்தார் தருவதில்லை, கோட்டாட்சியர் வரை போக வேண்டும். அண்ணனுக்கு இருக்கும் சான்று தம்பிக்குக் கிடைக்காமல், "இது இல்லாம படிச்சி என்னத்துக்கு டீச்சர்" என்று நின்றவர்கள் உண்டு. அந்த அலுவலகத்தின் மரப்பெஞ்சில் நான் செலவழித்த மதியங்களில் ஒரு வகுப்புக்கே முக்கோணவியல் முடித்திருக்கலாம்.

இருபத்தேழுக்கு வருவோம். தவணையை நாங்கள் ஒன்றும் செய்ய முடியவில்லை. செய்ய முடிந்தது இவ்வளவுதான்: நானும் பி.இ.டி. சாரும் மண்டிக்காரரைப் போய்ப் பார்த்தோம். அவர் முதலில் முறைத்தார், சட்டம் பேச வந்திருக்கிறோம் என்று நினைத்திருப்பார். "அண்ணே, வேலையை விட்டு அனுப்பச் சொல்லல. ஒன்பது மணிக்கு விட்டுடுங்க" என்றார் சார். கல்லாவை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். "எட்டே முக்காலுக்கே லோடு முடிஞ்சிரும் சார். அப்புறம் அவனாத்தான் இங்கியே சுத்திக்கினு இருப்பான்" என்றார். செவ்வாய்க்கிழமை டபுள் பீரியடை நான் வெள்ளிக்கு மாற்றிக்கொண்டேன். டைம் டேபிள் போடும் சார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மார்க்கை வாசிப்பதை விட்டுவிட்டேன்.

இப்போது பத்தாம் வகுப்பு. செவ்வாய்க்கிழமைகளில் ஒன்பதே முக்காலுக்கு மேல்தான் வருவான், சட்டையில் கொத்தமல்லி வாசனையோடு. அதற்குள் ஆப்பில் வருகை போயிருக்கும், அதில் அவன் ஆப்சென்ட். காகிதப் பதிவேட்டில் பிரசென்ட். இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று மேலிடத்திலிருந்து எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள், இன்னும் பதில் எழுதவில்லை. போன வாரத் தேர்வில் கணக்கில் 31. பாஸுக்கு நான்கு குறைவு. தாளை வாங்கிக்கொண்டு, "கிராஃப் போட்டிருந்தா வந்திருக்கும் இல்ல டீச்சர்?" என்று கேட்டான். வந்திருக்கும். எட்டு மார்க்.